நீர்நாயும் இலுப்பையும்: ஓர் ஒப்பீட்டு விவரம்

நீர்நாய்க்கு வயது என்ன என்று அரசாங்கம் என்னை ஒருமுறை எழுத்துமூலமாகக் கேட்டது. நானும் எழுத்துமூலமாகவே பதில் சொன்னேன். உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: எந்தக் கேள்வியையும் யாரும் கேட்கலாம். பதில் 'தெரியவில்லை' என்று இருக்கலாம், 'இல்லை' என்று இருக்கலாம், 'பொருந்தாது' என்றுகூட இருக்கலாம். கட்டத்தைக் காலியாக விடுவதுதான் குற்றம். காலிக் கட்டம் உள்ள தாள் ஓரத்தில் நீலப் பென்சில் கோட்டோடு திரும்பி வரும். என் மேஜைக்கு அப்படித் திரும்பி வந்த தாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்றா சொன்னேன், இருந்தது.

ரங்கூனில் குண்டு விழுந்து இரண்டு வருஷம் கழிந்திருந்த சமயம். தல்லாகுளத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை; பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆனையூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று ஓவர்சியர் எழுதியது: கண்மாய்க்கரையில் நிற்கும் பழைய இலுப்பை மரத்தின் வேர் கரையைப் பிளக்கிறது, மரத்தை எடுத்துவிடுவது நல்லது. மற்றது, கண்மாயில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவர் கொடுத்த மனு: நீர்நாய்கள் வலையைக் கடித்து மீனைத் தின்கின்றன, அவற்றை ஒழித்துத் தர வேண்டும்.

இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தது நான்தான். ஒரே கண்மாய், ஒரே சர்வே எண். சேர்ப்பதுதான் விதி.

புதிதாக வந்திருந்த எங்கள் அதிகாரிக்கு விவரப் பட்டியல் என்றால் உயிர். நம் ஊர்க்காரர்தான், ஆகையால் தமிழில் பேச மாட்டார். அந்த வருஷம் கூலியாட்கள் எல்லாம் யுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். கண்மாய்க்கு ஆட்கள் ஒரு வாரத்துக்குமேல் கிடைக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் கோப்பில் எழுதினார்: மரம், பிராணி, இரண்டில் ஒன்றைத்தான் இந்த வருஷம் அகற்ற முடியும், எதை அகற்றுவது உசிதம் என்று தெரியும்படி இரண்டையும் ஒப்பிட்டு ஒரு விவரம் வைக்கவும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த இலுப்பை மரத்தின் மரப்பட்டா என் அத்தான் பெயரில் இருந்தது. அதாவது, கரை சர்க்காருடையது. அதில் நிற்கும் மரத்தின் பூவும் காயும் மட்டும் பட்டாதாரருக்கு. அத்தான் ரங்கூனுக்கு அந்தப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். ஒருமுறை லீவில் வந்திருந்தபோது, எங்கள் அக்கா தனியாக இருப்பாளே, கைக்கு ஏதாவது இருக்கட்டும் என்று அலைந்து அந்தப் பட்டாவை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். குண்டு விழுந்த மார்கழிக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. காட்டு வழியாக நடந்து திரும்பியவர்களில் ஒருவர் அவரை ஒரு படகுத்துறையில் பார்த்தேன் என்றார். இன்னொருவர், அந்த ஆலைக்காரர்கள் யாருமே கிளம்பவில்லை என்றார். அக்கா முதல் ஆளுக்குச் சோறு போட்டாள், இரண்டாவது ஆளுக்கு மோர் மட்டும் கொடுத்தாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. நிலமும் இல்லை. பங்குனியில் மரத்தடியைக் கூட்டி, விடியும்போது விழும் பூவைப் பொறுக்கிக் காயவைப்பாள். வறுத்து இடித்தால் மாவாகும். அரிசி அளந்து கொடுத்த காலம் அது. அந்த மாவுக்கும் ஆள் வந்தது. ஆவணிக்குள் கொட்டையை எடுத்துச் செக்குக்குக் கொண்டுபோவாள். மண்ணெண்ணெய் கண்ணில் காணாத அந்த வருஷங்களில், அந்தத் தெருவில் எரிந்த விளக்குகளில் பாதி அவளுடைய இலுப்பெண்ணெயில் எரிந்தவை. மரம் போனால் அவள் என்னிடம்தான் வந்து இருக்க வேண்டும். வரமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அவர் திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதாம்.

சொந்தக்காரர் விஷயம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு நான் அந்தக் கோப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும். அந்த விதியும் எனக்குத் தெரியும். விலகினால் அது பக்கத்து மேஜைக்குப் போகும். பக்கத்து மேஜைக்காரருக்கு இலுப்பைக்கும் புளிக்கும் வித்தியாசம் தெரியாது. நான் விலகவில்லை. ஒப்பீடுதானே, நானே எழுதினால் மரம் ஜெயிக்கும் என்று நினைத்தேன்.

ஒப்பீட்டு விவரத்துக்கென்று அச்சடித்த படிவம் கிடையாது. புதிதாகக் கோடு போட்டு எழுதக் காகிதமும் கிடையாது. யுத்தத்தில் காகிதத்துக்கும் பஞ்சம். பீரோவில் கட்டுக்கட்டாக இருந்தது ஆக்கிரமிப்புப் படிவம். புறம்போக்கில் குடிசை போட்டவர்களுக்காக அச்சடித்தது. தலைப்பை அடித்துவிட்டு அதையே எடுத்தேன். இடது பக்கம் நீர்நாய், வலது பக்கம் இலுப்பை.

இனம்: பிராணி, மரம். வயது: நீர்நாய்க்குத் தெரியவில்லை, இலுப்பைக்கு அறுபதுக்கு மேல். அளவு: வாலோடு சேர்த்து இரண்டரை முழம், பனை உயரம். யார் பெயரில்: இல்லை, அத்தான் பெயர், பட்டா எண்ணோடு. சர்க்காருக்கு வரும்படி: இல்லை, உண்டு. பொதுமக்களுக்குப் பயன்: இல்லை. வலது பக்கத்தில் அந்தக் கட்டம் போதவில்லை. பூ, மாவு, எண்ணெய், எருவுக்குப் புண்ணாக்கு, மாட்டுக்கு நிழல் என்று எழுதி, மிச்சத்தைப் பின்பக்கம் எழுதினேன். மீனுக்குத் தீங்கு என்று நானே திருத்திய கட்டத்தில் நீர்நாய்க்கு 'மிகுதி' என்று போட்டேன். இலுப்பைப் புண்ணாக்கைக் குட்டையில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் 'இல்லை' என்று எழுதினேன்.

ஏழு கட்டம் முடிந்தது. எட்டாவது கட்டம்: ஆக்கிரமிப்பாளர் வசிக்கும் இடம்.

இலுப்பைக்குச் சிரமமில்லை, சர்வே எண், தென்கரை, மடைக்குக் கிழக்கே. நீர்நாய்க்கு என்ன எழுதுவது? 'இல்லை' என்று எழுதினால், இருப்பிடம் இல்லாத ஒன்றின் மேல் என்ன நடவடிக்கை என்று நீலப் பென்சில் வரும். நடவடிக்கை நீர்நாயின் மேல் பாய வேண்டும் என்பதுதானே என் ஆசை. அன்றைக்கு மனு விஷயமாக மீன் குத்தகைக்காரர் வந்து வராந்தாவில் காத்திருந்தார். மதுரை டவுனிலிருந்து வருகிறவர், வியாபாரி. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பாய், அந்த நீர்நாய் எங்கிட்டுக் குடியிருக்கு?"

"ஒரு குடும்பமே இருக்குண்ணே. நாலு உருப்படி. கெண்டையத் தொடாதுண்ணே, விராலாப் பாத்துத் திங்குது. ருசி கண்ட நாயி."

"எங்க இருக்குன்னு கேட்டேன்."

"அந்த இலுப்ப மரத்தடியிலதான் எந்நேரமும் செதிலும் முள்ளுமாக் கெடக்கு. பெறகு எங்க இருக்கும்?"

'மேற்படி மரத்தின் வேர்ப்பகுதி' என்று எழுதினேன். எழுத்து அழகாக விழுந்திருந்தது. மை காய்ந்ததும் மேலே அனுப்பினேன்.

நீர்நாயை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கு முந்தைய மார்கழியில் அக்காவைப் பார்க்கப் போனபோது கரையோரம் நடந்தேன். தண்ணீரில் நான்கு தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒன்று கரையேறி, மீனை இரண்டு முன்னங்கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து ஆரம்பித்து, எங்கள் ஹெட்குமாஸ்தா முறுக்குத் தின்பதுபோல் சத்தமாகத் தின்றது. பிறகு இலுப்பைச் சருகில் முதுகை வைத்துப் புரண்டது. ஈரம் போனதும் எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரில் வழுக்கி இறங்கியது. மரம் தன்பாட்டுக்கு நின்றது. அதன் இலைகூட அசையவில்லை. அன்றைக்கு எனக்கு இரண்டையும் ஒப்பிடத் தோன்றவில்லை. அப்போது என் கையில் படிவம் இல்லை.

இப்போது யோசித்தால் அந்த விவரத்தில் நான் எழுதாமல் விட்டது ஒன்று தெரிகிறது. நீர்நாய்க்கு ஊர் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் வற்றினால் வாய்க்கால் வழியே கிளம்பி, வைகையில் எங்கே மடு கிடக்கிறதோ அங்கே போய்விடும். அதன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதற்கு நோட்டீஸ் கொடுக்க யாராலும் முடியாது. இலுப்பைக்குப் பதிவேட்டில் எண் உண்டு, பெயர் உண்டு, எல்லை உண்டு. அதில் ஆணி அடித்து நோட்டீஸ் மாட்டலாம். மாட்டினால் அது எங்கும் போகாது. மரத்துக்குச் சாதகம் என்று நான் எண்ணி எண்ணி எழுதியவை எல்லாம் அதைப் பிடித்துக் கட்டிய கயிறுகள்.

மூன்று நாளில் ஆணை வந்தது. அதிகாரி என் விவரத்தை வரிவரியாகப் படித்திருந்தார். அதில் எனக்கு அற்ப சந்தோஷம்கூட ஏற்பட்டது. எட்டாவது கட்டத்தின் கீழே கோடு போட்டு எழுதியிருந்தார்: பிராணி மரத்தின் வேரில் வசிப்பதால், மரத்தை அகற்றினால் இரண்டும் அகன்றுவிடும், ஒரு வாரத்து ஆட்களே போதும், பட்டாதாரருக்கு நோட்டீஸ் அனுப்பி மேல்நடவடிக்கை எடுக்கவும்.

இதில் தப்பு கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ பார்த்தேன். இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

நோட்டீஸையும் நான்தான் எழுதினேன். பட்டாதாரர் ஊரில் இல்லாதபோது சம்பந்தப்பட்ட சொத்தின் மேலேயே ஒட்டலாம் என்று விதி. கிராமத்துத் தலையாரி அதை மரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார். அக்காவிடம் முன்னாடியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமையே அவள் வந்துவிட்டாள். ஆனையூரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். அலுவலக வராந்தாவில் நின்றவள் என்னைக் கண்டதும் சிரித்தாள். ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நடுவில் ஆணி ஓட்டை.

"தம்பி, அத்தான் பேருக்குக் காயிதம் வந்துருக்குடா."

நான் வாங்கிக்கொண்டேன்.

"மரத்துல அடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான் கூறுகெட்டவன். வீட்டுல குடுத்தா என்னவாம்? மேல பேர மட்டும் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். மிச்சத்த நீ படி."

அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். எனக்கு அந்தக் காகிதம் மனப்பாடம். இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை படிப்பதுபோல் நின்றேன்.

"ரங்கூன்லருந்தா வந்துருக்கு?"

"இல்லக்கா. எங்க ஆபீஸ்லருந்து."

"அப்ப ஒங்க ஆபீசுக்கு அவுக இருக்குற எடம் தெரிஞ்சுபோச்சா?"

வராந்தாவில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தேன். மரத்தை வெட்டப் போகிறார்கள் என்பதை அங்கே வைத்துத்தான் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. எந்த மரத்தை என்று கேட்டாள். புரிந்ததும் அழவில்லை, கோபம்தான் வந்தது.

"எதுக்கு வெட்டணும்? என்ன பண்ணுச்சு அது?"

"வேருக்குள்ள நீர்நாய் குடியிருக்குன்னு..."

"எவன் சொன்னான்? அது மடைக்குள்ளதான குடியிருக்கு! கல்லு பேந்த பொந்துல. மரத்தடிக்கு வந்து திங்கும், பெரளும், போயிரும். எங்கூட்டுக்கு வந்து காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போறவன்லாம் எங்கூட்டுலயா குடியிருக்கான்? எந்தக் கூமுட்டைடா அத எழுதுனான்?"

"நான்தான்க்கா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீயா? நீ படிச்சவனாச்சே."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சரி, தப்பாக எழுதினால் திருத்தி எழுது என்றாள், கோலத்தில் புள்ளி தப்பினால் அழித்துப் போடுவதுபோல. அப்படி முடியாது, பதினைந்து நாளுக்குள் மறுப்பு வர வேண்டும் என்றேன்.

"வரணும்னா? நீ சொல்லு, மடைக்குள்ள இருக்குன்னு."

"நான் சொல்லக் கூடாதுக்கா. பட்டாதாரர்தான் சொல்லணும்."

"அப்ப நான் சொல்றேன்."

"நீ பட்டாதாரர் இல்ல."

"பெறகு நான் யாரு?"

அந்தக் கேள்விக்கு விதியில் பதில் இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்வரை, அவர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் இல்லாமல், அவள் யாரும் இல்லை. புருஷன் இறந்துவிட்டால் அவள் வாரிசு. அந்த வேப்பமரத்தடியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று அனுப்பினேன்.

மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் தருகிறேன்.

"எட்டாவது கட்டம் உம்முடைய கையெழுத்துதானே?"

"ஆமாம், சார்."

"இப்போது அது தவறு என்கிறீர்."

"தவறு, சார். அப்போது கிடைத்த தகவலை வைத்து எழுதினேன்."

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பையனிடம் வாய்ப்பாடு கேட்பதுபோல் கேட்டார்.

"நோட்டீஸ் போன பிறகு அலுவலகமே விவரத்தைத் திருத்தலாமா?"

"கூடாது, சார்."

"யார் கேட்டால் திருத்தலாம்?"

"பட்டாதாரர், சார். அல்லது அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்றவர். பட்டாதாரர் காலமாகியிருந்தால் வாரிசு."

"சரியாகச் சொன்னீர்" என்றார். சரியாகத்தான் சொன்னேன். ஓர் எழுத்து பிசகவில்லை. அதற்குப் பிறகுதான் பட்டாதாரர் என் அக்கா கணவர், பர்மாவில் இருந்தார் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியானால் இந்தக் கோப்பை நீர் தொட்டிருக்கவே கூடாதே?"

"கூடாது, சார்."

சாயங்காலத்துக்குள் கோப்பு பக்கத்து மேஜைக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் மீன் குத்தகைக்காரரைத் தேடிக் கீழமாசி வீதிப் பக்கம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அல்லா மேல ஆணைண்ணே, நான் நாயத்தானே கேட்டேன்? மரத்தையா கேட்டேன்? வெயில் நேரத்துல நானும் எம்ஆளுகளும் ஒக்கார அந்தக் கரையில வேற எம்புட்டு நெழல் இருக்கு?"

"வாபஸ் வாங்கிக்கிறீங்களா, பாய்?"

"எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். திங்கட்டும்ணே. அதுவும் வாயில்லாத சீவன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய்தான் இருக்கு, பேசத்தான் மாட்டேங்குது" என்றார்.

வாபஸ் மனுவை நானே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி, மறுநாள் காலையில் பக்கத்து மேஜையில் கொடுத்தேன். அந்த மேஜைக்காரர் கோப்பில் எழுதினார்: மனுதாரர் வாபஸ், வேர் கரையைப் பிளப்பது பற்றிய ஓவர்சியரின் அறிக்கை நிற்கிறது, ஆணையில் மாற்றம் தேவையில்லை. நல்ல குறிப்பு. அவருக்கு இலுப்பை தெரியாவிட்டாலும் வேலை தெரிந்திருந்தது. ஓவர்சியரை மறுபடி கண்மாய்க்குப் போய்ப் பார்க்கச் சொல்லலாமா என்றால், அவர் யுத்த வேலைக்கு ரோடு போடப் போயிருந்தார். மரம் வெட்டுகிற அன்றைக்குத்தான் வருவாராம்.

பதினைந்தாவது நாள் அக்காவை வரச் சொன்னேன். மனுவை முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். என் உத்தியோகத்தில் அவ்வளவு நல்ல மனுவை நான் எழுதியதில்லை. மடைக்கல் பெயர்ந்த இடம், நீர்நாய் போகும் வழி, மரத்தடியில் செதில் கிடக்கும் காரணம் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த மனு அன்று சாயங்காலத்துக்குள் பதிவானால் மரத்தை யாரும் தொட முடியாது. விசாரணை வைத்தே ஆக வேண்டும். கடைசியில் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தேன். அக்கா கையெழுத்துப் போடவில்லை. மேலிருந்து விரல் வைத்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே விரல் நின்றது.

"கா...லஞ்...சென்ற." அத்தான் பெயருக்கு முன்னால் இருந்தது அது. "இது என்ன வார்த்த?"

"அது வழக்கமா எழுதுறதுக்கா."

"என்னத்த வழக்கமா?"

சொன்னேன். அவர் இருக்கிறார் என்றால் அவர்தான் மனுப் போட வேண்டும், அவர் இல்லை என்றால்தான் நீ போடலாம் என்றேன். இது வெறும் காகிதம், மரத்துக்காக ஒரு வார்த்தை, யாருக்கும் தெரியப் போவதில்லை என்றும் சொன்னேன். காகிதத்தை வெறும் காகிதம் என்று நான் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"சாகலைன்னு எழுதக் கூடாதா? ஆளக் காணோம்னு எழுதேன்."

"காணாமப் போயி ஏழு வருசம் ஆகணும்க்கா. ரெண்டுதான் ஆயிருக்கு."

"அப்ப மரம் நிக்கணும்னா அவுக சாகணும்."

நான் பேனாவை மூடினேன்.

"நாளைக்கு அவுக வந்து நின்னு, எங்கடி மரம்னு கேட்டா வெட்டிட்டாகன்னு சொல்லிக்கிருவேன். ரெண்டு வசவு வைவாக. மரம் நிக்குது, ஒங்களச் சாக வச்சு நிப்பாட்டிருக்கேன்னு எந்த வாயால சொல்ல?" என்றாள். பிறகு தணிந்த குரலில், "அந்த ஒரு வார்த்தைய அடிச்சிரு தம்பி. மிச்சம் அம்புட்டும் நல்லா எழுதிருக்க" என்றாள்.

அடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் மனு திரும்பியது: மனுதாரருக்குப் பட்டாதாரர் சார்பில் மறுப்புத் தெரிவிக்கும் தகுதி எவ்வாறு என்று குறிப்பிடப்படவில்லை. நீலப் பென்சில் கோடு, அந்த வார்த்தை இருந்த இடத்துக்கு நேராக.

பங்குனியில் வெட்டினார்கள். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நான் போனேன். கண்மாய் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். சுற்றிலும் சேறு வெடித்துக் கிடந்தது. நீர்நாய் கிளம்பிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். மரம் நிறையப் பூ. கோடரிக்காரர்கள் நான்கு பேர் வந்து நின்றபோது அக்கா மரத்தடியைக் கூட்டிவிட்டுப் பூ பொறுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் போலத்தான் பொறுக்கினாள், அவசரமே இல்லாமல்.

"தாயி, நேரமாவுது" என்றார் அவர்களில் ஒருவர்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. அடுத்த காத்துக்கு இன்னுங் கொஞ்சம் விழும்."

அவர்கள் கோடரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஓவர்சியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். காற்று வந்தது. விழுந்ததைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு அவள் ஒதுங்கி நின்றாள். மீன் குத்தகைக்காரரும் வந்திருந்தார்.

மரம் சாய இரண்டு நாள், வேரைத் தோண்ட மிச்ச நாட்கள். வேரைத் தோண்டியபோது பொந்து எதுவும் இல்லை. ஒரு பக்கம் எறும்புப் புற்று, வேருக்கு மேலே வெயிலில் வெளுத்த மீன்முள். ஓவர்சியர் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் குடியிருந்த மாதிரித் தெரியலையே சார்" என்று என்னிடம் சொன்னார். ஆமாம் என்றேன். வேரை எடுத்த இடத்தில் கரை இரண்டாள் ஆழத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. அதை மண் போட்டு மூட ஆட்கள் இல்லை; ஒரு வாரம் முடிந்துவிட்டது.

மரம் இல்லாமல் போனால் மரப்பட்டாவை ரத்து செய்து, பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். கோப்பு பக்கத்து மேஜையில் இருந்தாலும் பதிவேடு என் பீரோவில்தான் இருந்தது. ஆணை என்னிடம் வந்தது. சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் முன்பு சொல்லாமல் இருந்து பட்டது போதும் என்று இந்தத் தடவை முன்கூட்டியே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் வந்தாள். என் மேஜை வரைக்கும் வந்தாள்; அதுவரை அவள் வராந்தாவைத் தாண்டியதில்லை. ஹெட்குமாஸ்தா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவள் விரல் வைத்து அத்தானின் பெயரைப் படித்தாள். தகப்பனார் பெயரையும் படித்தாள்.

"இத அடிச்சிருவியா?"

"அடிக்கணும்க்கா."

"எதுக்கு அடிச்சேன்னு எழுதுவியா?"

"எழுதணும். பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு."

"அதுல என்ன எழுதப் போற?"

அந்தக் கட்டத்தில் வழக்கமாக இரண்டு காரணம்தான் வரும். பட்டாதாரர் மரணம், அல்லது மரம் இல்லை. மரம் இல்லை என்று எழுதுவேன் என்றேன்.

"ஆளு இல்லைன்னு வராதுல்ல?"

"வராது."

"நல்லாத் தெரியுற மாதிரி எழுது. பின்னால எவனும் மாத்திப் படிச்சிரக் கூடாது."

சிவப்பு மைக் கூட்டில் பேனாவைத் தொட்டு, அத்தானின் பெயர் மேல் அடிக்கோல் வைத்து ஒரே கோடாக இழுத்தேன். காரணக் கட்டத்தில், அச்செழுத்துப்போல், 'மரம் வெட்டப்பட்டது. பட்டாதாரர் வெளியூர்' என்று எழுதினேன். இரண்டாவது பாதிக்கு விதியில் இடமில்லை. நீலப் பென்சில் வந்தால் வரட்டும் என்று இருந்தேன். வரவில்லை, அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. அத்தானும் வரவில்லை.

அக்கா மை காயும்வரை நின்றாள். பிறகு எழுத்துக்கூட்டி முழுதும் படித்தாள். 'வெளியூர்' என்ற இடத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சரி, நான் வாரேன்" என்று கிளம்பினாள். வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். வீடு பூட்டிக் கிடக்கும் என்றாள்.